நான்கு அடி கூடுதல்

கம்பைன் அறுவடை இயந்திரத்தை விற்க வருகிறவர் முன்பக்கத்தைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார். கட்டர் பார் எத்தனை அடி, எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், மணிக்கு எத்தனை டன். வாங்கியவர் இரண்டு பருவம் ஓட்டிய பிறகு வேறொன்றைப் பற்றிப் பேசத் தொடங்குவார். இயந்திரத்தின் இடப்பக்கத்திலிருந்து கைபோல நீளும் அந்தக் குழாய், பக்கத்தில் ஓடிவரும் வண்டியை எட்டுகிறதா இல்லையா?

அறுத்து, அடித்து, தூற்றித் தொட்டியில் சேர்த்த தானியத்தை வெளியே கொட்டும் குழாய் அது. ஆகர் என்பார்கள். உள்ளே ஒரு தண்டு. தண்டைச் சுற்றித் திருகாக வளைத்துப் பற்றவைத்த எஃகுத் தகடு. தண்டு சுழலும்போது தானியம் குழாயில் ஏறி, நுனியில் தொங்கும் ரப்பர் மூக்கு வழியாக வண்டியில் கொட்டும். வேலை இல்லாதபோது குழாய் இயந்திரத்தின் மேல் பின்னோக்கி மடங்கிக் கிடக்கும். கொட்ட வேண்டிய நேரத்தில் ஹைட்ராலிக் சிலிண்டர் தள்ள, கால் வட்டம் சுழன்று வெளியே நீளும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதியில் இந்தக் குழாயை வெட்டி, நீட்டி, உயர்த்துவது பட்டறைகளுக்குப் பழகிப்போன வேலை. காரணம் அங்கே பரவியிருக்கும் ஒரு சாகுபடி முறை. ஒரு பெரிய கம்பைன், கட்டர் பாரும் நிறைந்த தொட்டியும் சேர்ந்தால், 30 டன்னைத் தாண்டிவிடும். அந்த எடை கண்டபடி நிலத்தின் மேல் உருண்டால் அடிமண் இறுகி, வேர் இறங்காது, மழைநீரும் இறங்காது. ஆகவே விதைப்பு, மருந்து தெளிப்பு, அறுவடை எல்லாவற்றுக்கும் சக்கரங்கள் ஒரே தடத்தில்தான் ஓட வேண்டும் என்று விவசாயிகள் முடிவு செய்தார்கள். சக்கரங்களுக்கு நடுவே 3 மீட்டர். ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் 12 மீட்டர். ஒவ்வொரு சக்கரமும் 60 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், 12 மீட்டரில் 1.2 மீட்டர்தான் மிதிபடும். மீதி 90 சதவீத நிலம் சக்கரமே காணாது.

சிக்கலும் அங்கேதான் முளைக்கிறது. கம்பைன் ஒரு தடத்தில் ஓடினால், தானியத்தை வாங்கிக்கொள்ளும் டிராக்டர் வண்டி அடுத்த தடத்தில், சரியாக 12 மீட்டர் தள்ளி ஓட வேண்டும். முன்பெல்லாம் டிராக்டர்காரர் கொஞ்சம் நெருங்கி வந்து சமாளித்துக்கொள்வார். இந்த முறையில் அந்த உரிமை கிடையாது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குழாய் சுழலும் அச்சு கம்பைனின் நடுக்கோட்டிலிருந்து 1.3 மீட்டர் தள்ளி இருக்கிறது, குழாயின் நீளம் 8 மீட்டர், அது கிடைமட்டத்திலிருந்து 15 பாகை நிமிர்ந்திருக்கிறது என்று கொள்வோம். சாய்வைக் கழித்தால் நுனி 9 மீட்டர் தூரத்தில் நிற்கும். தானியம் நுனியை விட்டு நொடிக்கு இரண்டரை மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் பாயும். ஒரு மீட்டர் கீழே விழ அரை நொடிக்கும் குறைவான நேரம். அதற்குள் இன்னும் 1.2 மீட்டர் முன்னே போய்விடும். ஆக 10.2 மீட்டர். வண்டியின் மொத்த அகலம் 3.2 மீட்டர் என்றால், அதன் இந்தப் பக்கத்து விளிம்பு 10.4 மீட்டரில் இருக்கிறது. கோதுமை வண்டிக்கு வெளியே, தரையில். நான்கு அடி, அதாவது 1.2 மீட்டர், குழாயை நீட்டினால் கோதுமை வண்டியின் விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்ளே விழும். பட்டறை வாசலில் கம்பைன்கள் நிற்பது இந்த நான்கு அடிக்காகத்தான்.

ஓடிக்கொண்டே கொட்டித்தான் ஆக வேண்டுமா, நின்று கொட்டக் கூடாதா என்று கேட்கலாம். கிளாஸ் நிறுவனத்தின் லெக்சியான் 8900 கம்பைனின் தொட்டி 18,000 லிட்டர் கொள்ளும். கோதுமையில் கிட்டத்தட்ட 14 டன். மணிக்கு 50 டன் அறுத்தால் பதினாறு, பதினேழு நிமிடத்தில் நிறைந்துவிடும். நொடிக்கு 180 லிட்டர் வீதம் கொட்டி முடிக்க 100 நொடி. வேகம் குறைத்து, நின்று, கொட்டி, மறுபடி வேகம் பிடிக்க ஒவ்வொரு முறையும் இரண்டரை நிமிடம் போனால், பத்து மணி நேர வேலையில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இயந்திரம் அறுக்காமல் நிற்கும். 2014 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் நியூ ஹாலண்ட் சி.ஆர். 10.90 என்ற கம்பைன் எட்டு மணி நேரத்தில் 797.656 டன் கோதுமை அறுத்து உலக சாதனை படைத்தது. அதன் தொட்டி 14,500 லிட்டர். மணிக்கு நூறு டன் வேகத்தில் அந்தத் தொட்டி ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை நிறையும். நின்று நின்று கொட்டியிருந்தால் அந்தச் சாதனையை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

குழாய் எப்போதும் இருந்த உறுப்பு அல்ல. பழைய அறுவடை இயந்திரங்களில் பக்கவாட்டுப் பலகையில் ஒரு ஆள் நின்று சாக்கைப் பிடித்து, நிரப்பி, தைத்து, கீழே தள்ளிவிடுவார். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1933-ல் சி.பி.எச். என்ற கூட்டுறவு அமைப்பு தொடங்கி, கோதுமையைச் சாக்கில்லாமல் மொத்தமாகக் கையாளும் முறையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. சாக்கு போனால் தொட்டி வேண்டும். தொட்டி வந்தால் அதைக் காலிசெய்யும் வழி வேண்டும். கனடாவில் மாஸி-ஹாரிஸ் நிறுவனத்தில் கருவி வடிவமைப்பாளராக இருந்த பீட்டர் பாகோஷ், 1940-களின் நடுவில் டொராண்டோவில் தன் வீட்டின் நிலவறையிலேயே தானிய ஆகர் ஒன்றைச் செய்தார். ராய் ராபின்சன் என்பவரோடு சேர்ந்து அவர் தொடங்கிய தொழில்தான் பின்னாளில் வெர்சடைல் என்ற பெயரில் பிரம்மாண்ட டிராக்டர்கள் செய்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் கின்சன்பா 1971-ல் இரண்டு சக்கரத் தானிய வண்டி ஒன்றைச் செய்தார்; வயலுக்குள் கம்பைனோடு ஒட்டி ஓடி, தானியத்தை வாங்கி, சாலையோர லாரிக்குக் கொண்டுபோகும் வண்டி. அதன் பிறகு வண்டிகள் உயர்ந்துகொண்டே போயின, கட்டர் பார்கள் அகன்றுகொண்டே போயின. நடுவில் மாட்டிக்கொண்டது குழாய்.

நீளத்தைக் கூட்டினால் உயரமும் தானாக வந்துவிடும் என்று தோன்றும். வரும், ஆனால் சொற்பம். 15 பாகைச் சாய்வில் 1.2 மீட்டர் நீட்டினால் நுனி 30 செ.மீ.தான் ஏறும். நான்கு அடிக்கு ஒரு அடி. உயரம்தான் குறை என்றால் சாய்வைக் கூட்டுவது லாபம்: அதே 8 மீட்டர் குழாயை 15-லிருந்து 20 பாகைக்கு நிமிர்த்தினால் நுனி 67 செ.மீ. ஏறும், எட்டும் தூரத்தில் 21 செ.மீ.தான் குறையும். காகிதத்தில் பிரமாதமான பேரம். ஆனால் குழாயை மட்டும் நிமிர்த்த முடியாது. உள்ளே ஓடும் தண்டு அடியில் ஒரு கூம்புப் பல்சக்கரப் பெட்டியிலிருந்து கிளம்புகிறது. அந்தக் கோணம் தொழிற்சாலையில் தீர்மானமானது. குழாய் ஒரு கோணத்திலும் தண்டு வேறு கோணத்திலும் இருந்தால், திருகுத் தகடு குழாயின் சுவரைச் சுரண்டிக்கொண்டே ஓடும். ஆகவே அனுபவசாலிகள் மூன்றாவது வழிக்குப் போவார்கள். தொட்டியிலிருந்து மேலே வரும் செங்குத்துக் குழாய்க்கும் சுழலும் முழங்கைக்கும் நடுவே ஒரு உருளைத் துண்டை வைத்து, மொத்த அமைப்பையும் ஓர் அடி தூக்குவது. கோணம் மாறாது, எட்டும் தூரம் குறையாது. செங்குத்துத் திருகையும் அதே அளவு நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ கொஞ்சம் ஏமாற்றும்.

ஆர்க்கிமிடீஸ் திருகு தண்ணீரை ஏற்றுவது புவியீர்ப்பின் தயவால். சாய்ந்த திருகின் ஒவ்வொரு மடிப்பிலும் தண்ணீர் ஒரு குட்டையாகத் தேங்கும். திருகு சுழல, குட்டை மேலே நகரும். திருகைச் செங்குத்தாக நிறுத்தினால் குட்டையே கிடையாது. தானிய ஆகர் செங்குத்தாக நின்றும் ஏற்றுகிறதே, எப்படி? தண்டு வேகமாகச் சுழலும்போது தானியமும் கூடவே சுழன்று, வெளியே வீசப்பட்டு, குழாயின் சுவரில் அழுந்துகிறது. சுவரின் உராய்வு அதன் சுழற்சியைப் பிடித்து இழுக்கிறது. தானியம் பின்தங்க, தகடு அதற்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய் அதை மேலே தள்ளுகிறது. அதாவது உராய்வு இங்கே எதிரியும் கூட்டாளியும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் தானியம் தகட்டோடு சேர்ந்து சும்மா சுற்றும். ஒரு மணிகூட ஏறாது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆலன் ராபர்ட்ஸ் இந்தச் சுழல் இயக்கத்தைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். வில்லிஸ் என்பவரோடு சேர்ந்து தானிய ஆகர்களின் செயல்திறனைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரை 1962-லேயே வந்துவிட்டது. குழாய் நிமிர நிமிர, அதே வேகத்தில் அது கடத்தும் அளவு குறையும் என்பது ஆகரோடு பழகிய எவருக்கும் தெரியும். ஏன் குறைகிறது என்பதற்குக் கணிதம் தந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

உராய்வு எவ்வளவு தின்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். நொடிக்கு 140 கிலோ கோதுமையை மூன்றரை மீட்டர் உயர்த்தத் தேவையான சக்தி 5 கிலோவாட்டுக்கும் குறைவு. ஒரு சின்ன பவர் டில்லர் எஞ்சினே போதும். உண்மையில் ஆகர் எடுத்துக்கொள்வது அதைப்போலப் பல மடங்கு. மீதி எல்லாம் தானியம் தகட்டிலும் சுவரிலும் தன்மீதேயும் தேய்வதில் போகிறது. ஓடிக்கொண்டே கொட்டும்போது எஞ்சின் திணறக் கூடாதென்று, கொட்டும் நேரத்துக்கு மட்டும் கூடுதல் சக்தி தரும்படி இப்போதைய எஞ்சின்களை அமைத்தே அனுப்புகிறார்கள்.

தேய்மானத்தில் நெல்லுக்குத் தனி இடம். உமியில் சிலிக்கா மிகுதி. அது தகட்டின் விளிம்பை அரம்போல அராவிவிடும். காவிரி டெல்டாவில் பெல்ட்டில் ஓடும் கம்பைன் வரப்போரம் வந்து டிராக்டர் டிரெய்லரிலோ தார்ப்பாயிலோ கொட்டிவிட்டுப் போவதால் எட்டும் தூரம் அங்கே பெரிய கவலை இல்லை. தகடு தேய்வதுதான் கவலை. விளிம்பு தேய்ந்து சுவருக்கும் தகட்டுக்கும் இடைவெளி கூடினால் தானியம் அதன் வழியே பின்னால் வழியும், இடுக்கில் சிக்கி நொறுங்கும்.

நீட்டிய நான்கு அடியின் விலை முழுவதும் தெரிவது குழாயின் அடியில். ஒரு முனை மட்டும் பிடித்து நிற்கும் எந்த நீளமான பொருளும் தன் எடையால் எவ்வளவு தொங்கும் என்பது நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 8 மீட்டர் 9.2 மீட்டர் ஆகும்போது நீளம் கூடியது 15 சதவீதம். தொங்கல் கூடியது 75 சதவீதம். அடியில் விழும் வளைவிசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். 40 செ.மீ. விட்டமுள்ள குழாயில் அந்த 1.2 மீட்டருக்குள் பாதி நிறைந்தாலே 58 கிலோ கோதுமை. குழாய், தகடு, தண்டு எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட அதே எடை எஃகு. இந்த 120 கிலோ எட்டரை மீட்டர் தூரத்தில் தொங்குவது, அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு டன்னைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம்.

அதுவும் வயல் சமதளமாக இருந்தால். கம்பைன் பழைய வாய்க்கால் தடத்தின் மேல் ஏறி இறங்கும்போது நீண்ட குழாய் தூண்டில் கழியைப்போலத் துள்ளும். நீளம் கூடினால் துள்ளல் மெதுவாகும், வீச்சு பெரிதாகும். நமது கணக்கில் அதிர்வு வேகம் முக்கால் பங்காகக் குறைகிறது. டயர்கள் மண்ணில் ஆடும் வேகமும் குழாய் ஆடும் வேகமும் நெருங்கிவிட்டால் ஒன்றையொன்று தூண்டும். வெல்டிங் விளிம்புகளில் மயிரிழை விரிசல் தொடங்குவது இப்படித்தான். ஒரே நாளில் முறிவதில்லை, பல்லாயிரம் துள்ளலில் களைத்து முறிகிறது. ஆகவே நல்ல பட்டறைக்காரர் நுனியில் துண்டைச் சேர்ப்பதற்கு முன் அடியைப் பார்ப்பார். முழங்கைக்குப் பக்கத்தில் குழாயைச் சுற்றித் தடித்த தகடு, கீழ்ப்பக்கத்தில் முக்கோண முட்டுகள், சில சமயம் மேலே ஒரு கம்பித் தாங்கி. இந்த முட்டுகளைத் திடீரென்று ஓரிடத்தில் முடித்துவிட்டால் விரிசல் அந்த முடிவிலிருந்தே கிளம்பும் என்பதால் அவற்றின் நுனியைச் சன்னமாகச் சீவி விடுவார்கள்.

துண்டைச் சேர்ப்பதிலும் நுணுக்கம் உண்டு. திருகு வலப்புரியா இடப்புரியா, ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறும் என்பவை பழையதோடு பொருந்த வேண்டும். பழைய தகடு முடியும் விளிம்பிலிருந்தே புதிய தகடு தொடர வேண்டும். நடுவில் கால் சுற்று விலகினால் அந்த இடத்தில் தானியம் முட்டி, தேங்கி, நசுங்கும். தண்டு நீளமாகிவிட்டதே என்று நடுவில் ஒரு பேரிங் தொங்கவிட்டால் அதுவே அடைப்பாகும். நுனிப் பேரிங்கை நகர்த்தி மறுபடி நுனியிலேயே வைப்பதுதான் வழி. தண்டின் மேல் விழும் முறுக்குவிசை நீளத்துக்கு ஏற்பக் கூடும். குழாய் நிறையத் தானியத்தோடு நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும் கணத்தில் அது உச்சத்துக்குப் போகும். அந்தக் கணத்துக்காகத்தான் ஷியர் போல்ட் இருக்கிறது: சுமை மீறினால் அது முதலில் முறிந்து பல்சக்கரத்தைக் காப்பாற்றும். அடிக்கடி முறிகிறதே என்று அதற்குப் பதிலாகக் கடினமான போல்ட்டைப் போட்டவர்கள், சில்லறை மிச்சம் பிடித்து கியர்பாக்ஸைப் பலிகொடுத்தவர்கள். சரியான மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. தொட்டியின் தரையில் தானியத்தை ஒதுக்கிக்கொண்டு வரும் குறுக்குத் திருகுகளின் மேல் மூடித் தகடுகள் இருக்கும். அவற்றைச் சற்றுத் தாழ்த்தினால் ஆகருக்குள் நுழையும் அளவு குறையும். கொட்டும் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் போல்ட் பிழைக்கும்.

வெளியே சுழற்றும் ஹைட்ராலிக் சிலிண்டரும் புதுச் சுமையை உணரும். சுழற்சிக்குக் காட்டும் மந்தம் நீளத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுவதால், பழைய வேகத்திலேயே வீசி நிறுத்தினால் அதிர்ச்சி பாதிக்கு மேல் அதிகம். எண்ணெய் போகும் வழியில் ஒரு சிறு துளைத் தடுப்பைப் போட்டு வேகத்தைக் குறைப்பது மலிவான, நல்ல வைத்தியம்.

மடக்கி வைத்த பிறகும் நான்கு அடி தொல்லை தரும். குழாய் இயந்திரத்தின் பின்புறத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். கம்பைன் பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி என்பதால், வயல் முனையில் திரும்பும்போது அந்த நுனி எதிர்ப்பக்கம் வீசும். கொட்டகைக் கதவு, வேலிமரம், நிறுத்தி வைத்த லாரியின் கண்ணாடி எல்லாம் அதன் பாதையில் வரும். நீளமான ஆகர்களை நடுவில் மடியும்படி உற்பத்தியாளர்களே செய்து தருவது இதனால்தான். உயர்த்தினால் வேறு ஆபத்து. ஆஸ்திரேலியச் சாலைகளில் வாகன உயரத்துக்குப் பொதுவான வரம்பு 4.3 மீட்டர், அதைவிட முக்கியம் வயலைக் குறுக்கிடும் மின்கம்பி. பத்து வருடமாக ஒரே கம்பிக்கு அடியில் போய் வந்த ஓட்டுநருக்கு, ஓர் அடி உயர்த்திய முதல் நாளில் கண் பழைய அளவையே சொல்லும். பட்டறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் டேப்பைப் பிடித்து அளந்து, புதிய உயரத்தை ஓட்டுநர் அறையில் எழுதி ஒட்டாமல் வயலில் இறக்கவே கூடாது.

சரிவான நிலத்தில் உயரக் கணக்கே வேறு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து பலூஸ் குன்றுகளில் கோதுமை மலைச்சரிவில் விளைகிறது. அங்கே கம்பைனின் உடலைத் தானாகச் சமநிலையில் வைத்திருக்கும் கட்டுப்பாட்டு அமைப்பை 1940-களில் உருவாக்கியவர் ரேமண்ட் ஹான்சன். உடல் நேராக நிற்பதால் உள்ளே தானியம் ஒரு பக்கம் ஒதுங்காது. ஆனால் வண்டி மேட்டுப் பக்கம் ஓடினால் நிலைமை சங்கடம்: நூற்றுக்குப் பத்து சரிவில், 9 மீட்டர் தள்ளி ஓடும் வண்டி 90 செ.மீ. உயரத்தில் நிற்கும். சமதளத்தில் தாராளமாக இருந்த இடைவெளி அங்கே காணாமல் போய், ரப்பர் மூக்கு வண்டியின் விளிம்பை உரசும். பள்ளப் பக்கம் ஓட்டினால் உயரம் கிடைக்கும். காற்றில் தானியம் சிதறும்.

இத்தனைக்கும் பிறகு, குழாயைத் தொடாமல் வண்டியை மாற்றிவிடலாமே என்று நினைப்பவர்களும் உண்டு. வண்டியின் கம்பைன் பக்கத்து விளிம்பில் சரிவான ஒரு தகட்டுச் சிறகைப் பொருத்தினால், குறைவாக விழும் தானியம் சறுக்கி உள்ளே போகும். விலை மலிவு, கம்பைனின் உத்தரவாதத்துக்கும் பங்கமில்லை. டிராக்டரின் ஓட்டத்தையே கம்பைனோடு மின்னணு முறையில் இணைப்பது இன்னொரு வழி. கம்பைன் ஓட்டுநரே வண்டியை முன்னும் பின்னும் சில அங்குலம் நகர்த்தி, வண்டி சீராக நிறையச் செய்யலாம். கின்சன்பாவின் கின்ஸி நிறுவனம் ஓட்டுநரே இல்லாத தானிய வண்டியை 2011-ல் காட்டியது. ஆனால் இவை எதுவும் தடத்துக்குத் தடம் உள்ள 12 மீட்டரைச் சுருக்குவதில்லை.

இதற்கிடையே கனடாவின் மெக்டான் நிறுவனம் 50 அடி கட்டர் பாரைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதில் பாதியே 7.6 மீட்டர். அதை வைத்துத் தட முறையில் ஓட்ட வேண்டுமென்றால் தடங்களுக்கு நடுவே 15 மீட்டர் வேண்டும். வண்டியின் விளிம்பு 13.4 மீட்டருக்குப் போய்விடும். 9.2 மீட்டருக்கு நீட்டி, முட்டுக் கொடுத்து, எண்ணெய் வழியைக் குறுக்கி வைத்திருக்கும் நமது குழாய் அங்கே இரண்டு மீட்டர் குறைவாகக் கொட்டும்.